எரிபொருள் எச்சரிக்கை விளக்கு: மாற்றுமுன் அறியவேண்டுவன

மோட்டார் சைக்கிளின் முகப்பில், வேகமானிக்கு அருகே, மஞ்சள் நிறமான சிறு விளக்கு ஒன்று உண்டு. தொட்டியிலுள்ள பெட்ரோல் வற்றி, அடியில் சில லிட்டரே எஞ்சி நிற்கும் வேளையில் அஃது ஒளிரும். மற்ற வேளைகளில் அணைந்தே கிடக்கும். ஓட்டுபவர் பல நாள் அதனை நினைப்பதும் இல்லை. எனினும், இரவு நேரத்தில், நெடுஞ்சாலையின் நடுவே, அடுத்த எண்ணெய் நிலையம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று தெரியாத நிலையில், வண்டியிலுள்ள எல்லா விளக்குகளிலும் அதுவே மிகுந்த மதிப்புடையதாகிவிடுகின்றது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பேச்சு வழக்கில் பெட்ரோலையும் ‘எண்ணெய்’ என்றே கூறுவர். பேச்சுக்கு அது போதும், இங்கே போதாது. இயந்திரத்தின் உராய்வைக் குறைக்கும் எண்ணெய்க்கும் அதே முகப்பில் வேறொரு சிவப்பு விளக்கு உண்டு. மஞ்சள் விளக்கு எரிந்தால் வண்டியை மேலும் சிறிது தொலைவு ஓட்டலாம். சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே இயந்திரத்தை நிறுத்துதல் வேண்டும். இரண்டையும் ‘எண்ணெய் விளக்கு’ என்றே சொல்லிக்கொண்டிருந்தால், பட்டறைக்காரர் ஒன்றைக் கருத, வண்டிக்குரியவர் மற்றொன்றைக் கருத நேரிடும். ஆதலால் இங்குப் பேசப்படுவது எரிபொருள் விளக்கு மட்டுமே என்று கொள்க.

இவ்விளக்கை மாற்றியமைக்க விரும்புவோர் பலர். அவர்கள் கூறும் காரணங்களும் நியாயமானவையே. பழைய இழைக் குமிழ் வண்டியின் அதிர்ச்சியினால் அறுந்துபோகும். வெப்ப நாட்டின் நண்பகல் வெயிலில் அதன் மங்கலான ஒளி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே, குமிழைக் கழற்றிவிட்டு, அதே அளவுள்ள எல்இடி விளக்கு ஒன்றை வாங்கிப் பொருத்திவிடுகின்றனர். வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் பல வண்டிகளில் விளைவு வேறாகின்றது. தொட்டி நிறைய பெட்ரோல் இருக்கும்போதே புதிய விளக்கு எரிகின்றது. தொட்டி வற்றினாலும் அதே அளவில்தான் எரிகின்றது. சிலர் உணரி கெட்டுவிட்டது என்று எண்ணிப் பணம் செலவழித்துப் புதிய உணரி வாங்குகின்றனர். வேறு சிலர் சலிப்புற்று, கம்பியையே பிடுங்கிவிடுகின்றனர். உணரியிலும் குறையில்லை, விளக்கிலும் குறையில்லை. குறை எங்கே உள்ளது என்பதை அறிய, அந்தக் குமிழ் இதுகாறும் என்ன பணி செய்துவந்தது என்பதை ஆராய்தல் வேண்டும்.

விளக்குக்கு முன்னர் இருந்த காப்பு

முன்னாளில் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களுக்கு இத்தகைய விளக்கே கிடையாது. தொட்டியின் அடியில் திருகுகுழாய் ஒன்று இருந்தது. அதற்கு மூன்று நிலைகள்: திறப்பு, அடைப்பு, சேமிப்பு. தொட்டிக்குள் அக்குழாயின் ஒரு வாய் சிறிது உயரத்தில் நிற்கும்; மற்றொரு வாய் தரைமட்டத்தில் இருக்கும். வழக்கமான ஓட்டத்தில் உயரமான வாய் வழியே பெட்ரோல் இறங்கும். அதன் மட்டத்துக்குக் கீழ் பெட்ரோல் குறைந்தவுடன் இயந்திரம் விக்கும், இழுவை தளரும். ஓட்டுபவர் இடக்கையைக் கீழே நீட்டிக் குழாயைச் சேமிப்பு நிலைக்குத் திருப்புவார். அடியில் நின்ற பெட்ரோல் இறங்கத் தொடங்கும். மின்சாரமே வேண்டாத ஏற்பாடு இது. இதற்கும் ஒரு குறை உண்டு. எண்ணெய் நிரப்பிய பின்னர்க் குழாயைப் பழைய நிலைக்குத் திருப்ப மறந்தவருக்கு, அடுத்த முறை சேமிப்பு என்பதே இராது. வண்டி ஒரேயடியாக நின்றுவிடும்.

கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருளை அழுத்தத்தோடு பீய்ச்சும் முறை வந்தபின், இக்குழாய்க்கு இடமில்லாமற் போயிற்று. அவ்வண்டிகளில் பெரும்பாலும் தொட்டிக்குள்ளேயே மின்பம்பு ஒன்று மூழ்கியிருக்கும். சுற்றியுள்ள பெட்ரோலே அப்பம்பைக் குளிர்விக்கின்றது. தொட்டி வற்றும்வரை ஓட்டுவது வழியில் நிற்பதற்கு மட்டுமன்றி, விலைமிகுந்த அப்பம்பு விரைவில் தேய்வதற்கும் காரணமாகும். இயந்திரம் விக்கி உணர்த்திய காலம் போய், விளக்கு உணர்த்தும் காலம் வந்தது. அளவுகாட்டி முள் இல்லாத வண்டிகளில் அவ்விளக்கே ஒரே தூதனாயிற்று.

தொட்டிக்குள் இருப்பது யாது?

விளக்குக்குச் செய்தி அனுப்பும் உணரி எல்லா வண்டிகளிலும் ஒன்றன்று. கப்சாய் எனப்படும் சிறு வண்டிகள் பலவற்றில் மிதவையும் அதனோடு அசையும் கையும் உள்ளன. மிதவை இறங்க இறங்க மின்தடை மாறி, முகப்பிலுள்ள முள் நகர்கின்றது. சில வண்டிகளில் மிதவைக்குள் காந்தம் வைத்து, அது கீழே வரும்போது ஒரு சிறு இணைப்பியை மூடச் செய்கின்றனர். மூன்றாவது வகையில் அசையும் உறுப்பு எதுவுமே இல்லை. துளைகளிட்ட சிறு உலோகக் கூட்டுக்குள் மிளகளவோ பட்டாணியளவோ உள்ள மணி ஒன்று இருக்கும். அதுவே தெர்மிஸ்டர். எல்இடி மாற்றத்தினால் மிகுதியாகக் குழப்பம் விளைவது இவ்வகையிலேதான்.

பொருள்கள் பொதுவாகச் சூடேறினால் மின்னோட்டத்துக்குத் தடை மிகும். உலோகங்கள் அவ்வாறே நடக்கும். ஆனால் 1833இல் மைக்கேல் பாரடே, வெள்ளிச் சல்பைடு என்னும் சேர்மம் சூடேறச் சூடேற மின்சாரத்தை மேலும் நன்றாகக் கடத்துவதைக் கண்டார். அக்காலத்தில் அது விந்தையாகவே இருந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1930இல், அமெரிக்கரான சாமுவேல் ரூபன் இவ்வியல்பைப் பயன்படுத்தி வாணிகத்துக்கு ஏற்ற தெர்மிஸ்டரை உருவாக்கினார். இன்று மாங்கனீசு, நிக்கல், கோபால்ட்டு, செம்பு முதலியவற்றின் ஆக்சைடுகளைப் பொடியாக்கி, கலந்து, சுட்டு இவற்றைச் செய்கின்றனர். செய்முறை மட்பாண்டம் சுடுவதை ஒத்தது.

இதன் பெயரைத் தமிழில் எவ்வாறு வழங்குவது என்பது ஆசிரியர்களுக்கு ஒரு சிக்கல். ‘வெப்பத்தடை’ என்று எழுதினால், வெப்பம் புகாமல் தடுக்கும் பொருள் என்று மாணவர் கொள்வர். அது நேர்மாறான பொருள். ‘மின்தடை’ என்னும் சொல்லோ, தமிழ்நாட்டு நாளிதழ்களில் மின்சாரம் நின்றுபோவதைக் குறிக்கவும் வழங்குகின்றது. பண்புக்கும் அப்பண்பையுடைய பொருளுக்கும் ஒரே சொல்லை ஆள்வதால் வரும் குழப்பம் வேறு. இலங்கைப் பாடநூல்கள் பண்பைத் ‘தடை’ எனவும், பொருளைத் ‘தடையி’ எனவும் பிரித்து வழங்குவது தெளிவான முறை. இக்கட்டுரையிலும் பொருளுக்குத் தடையி என்னும் சொல்லே கொள்ளப்படுகின்றது. தெர்மிஸ்டர் என்பது பட்டறையிலும் கடையிலும் வழங்கும் பெயராதலால் அவ்வாறே விடப்பட்டது.

இனி, பெட்ரோல் இருப்பதை ஒரு வெப்ப உணரி எங்ஙனம் அறிகின்றது? அதன் வழியே சிறிதளவு மின்னோட்டம் எப்போதும் பாய்கின்றது. அம்மின்னோட்டம் அதனைச் சூடாக்க முயல்கின்றது. பெட்ரோலில் மூழ்கியிருக்கும்வரை, பிறக்கும் வெப்பத்தைப் பெட்ரோல் உடனுக்குடன் வாங்கிக்கொள்கின்றது. பெட்ரோலின் வெப்பங் கடத்தும் ஆற்றல் காற்றினுடையதைப் போல ஏறத்தாழ 5 மடங்கு. அன்றியும், நீர்மம் தானே சுழன்று வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆகவே தெர்மிஸ்டர் குளிர்ந்தே இருக்கின்றது. அதன் தடையும் மிகுந்தே இருக்கின்றது. பெட்ரோல் மட்டம் இறங்கி அது வெளிப்பட்டவுடன் வெப்பத்தை வாங்குவார் இல்லை. சூடேறுகின்றது, சூடேறத் தடை குறைகின்றது, தடை குறைய மின்னோட்டம் மிகுகின்றது, மின்னோட்டம் மிக மேலும் சூடேறுகின்றது. இந்தச் சங்கிலி சிறிது நேரம் தொடர்ந்து, விளக்கை எரிக்கப் போதுமான மின்னோட்டம் பாயும் நிலை வருகின்றது. விளக்கு முதலில் மங்கலாகவும், பின்னர்த் தெளிவாகவும் எரிவதன் காரணம் இதுவே.

இத்தாமதத்தைக் குறையென்று கருதலாகாது. வளைவில் வண்டி சாயும்போதும், தடையேற்று நிறுத்தும்போதும், மேட்டில் ஏறும்போதும் தொட்டியிலுள்ள பெட்ரோல் அங்குமிங்கும் அலையும். உணரி ஒரு கணம் வெளிப்பட்டு மீண்டும் மூழ்கும். உடனுக்குடன் பதில் சொல்லும் உணரியாயின் விளக்கு கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும். தெர்மிஸ்டர் சூடேற நேரம் எடுத்துக்கொள்வதால் இச்சிறு அலைகளைப் பொருட்படுத்துவதில்லை. மிதவைக் காந்த உணரியோடு எல்இடியைச் சேர்ப்பவர்கள், இதே அமைதியைப் பெறுவதற்குத் தனியாக ஒரு தாமதச் சுற்று அமைக்க வேண்டியிருக்கின்றது.

குமிழின் மறைவான பணி

சுற்று மிக எளியது. பேட்டரியின் நேர்முனையிலிருந்து சாவி வழியாக மின்சாரம் குமிழுக்கு வருகின்றது. குமிழைக் கடந்து தெர்மிஸ்டருக்குச் செல்கின்றது. தெர்மிஸ்டரிலிருந்து வண்டியின் உடலுக்கு இறங்குகின்றது. இரண்டும் ஒரே வரிசையில் உள்ளன. ஒன்றின் வழியே பாயும் மின்னோட்டமே மற்றதன் வழியும் பாய்கின்றது. ஆகவே குமிழ் என்பது செய்தியைக் காட்டும் பலகை மட்டுமன்று. செய்தியை உருவாக்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு.

கணக்கிட்டுப் பார்த்தால் விளங்கும். கீழே வரும் எண்கள் ஓர் எடுத்துக்காட்டுக்காகக் கொள்ளப்பட்டவை. வண்டிக்கு வண்டி வேறுபடும். பேட்டரி 12 வோல்ட். குமிழ் 1.7 வாட். மூழ்கிய நிலையில் தெர்மிஸ்டரின் தடை 1000 ஓம். வெளிப்பட்டுச் சூடேறிய நிலையில் 60 ஓம்.

12 வோல்ட், 1.7 வாட் குமிழ் முழுமையாக எரியும்போது அதன் இழையின் தடை ஏறத்தாழ 85 ஓம். ஆனால் இழை குளிர்ந்திருக்கும்போது தடை அதில் பத்தில் ஒரு பங்கு அளவே. உலோகமாதலால் சூடேறினால்தான் தடை மிகும். தொட்டி நிறைந்திருக்கும்போது சுற்றில் பாய்வது 12 மில்லியாம்பியர் அளவே. குளிர்ந்த இழையின் மேல் விழும் மின்னழுத்தம் 0.1 வோல்ட். இழை சிவப்பதுகூட இல்லை. தெர்மிஸ்டர் வெளிப்பட்டுத் தடை 60 ஓமுக்கு இறங்கினால், குமிழுக்கு ஏறத்தாழ பாதி மின்னழுத்தமோ அதற்குச் சற்று மேலோ கிடைக்கின்றது, குமிழ் எரிகின்றது. இங்கே நேரெதிரான இயல்புடைய இரு பொருள்கள் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன: சூடேறினால் தடை குறையும் மணி ஒன்று, சூடேறினால் தடை மிகும் இழை ஒன்று. மணி மின்னோட்டத்தைப் பெருக்க முயல்கின்றது. இழை அதற்கு எல்லை வகுக்கின்றது. சில காசு விலையுள்ள இரு பொருள்களைக் கொண்டு இத்துணை நேர்த்தியான சுற்றை அமைத்த பொறியியலாரின் நுண்ணறிவு பாராட்டத்தக்கது.

இவ்விடத்தில் எல்இடியை வைத்துப் பார்க்க. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தரும் எல்இடியை 1962இல் நிக் ஹோலோன்யாக் உருவாக்கினார். அதன் சிறப்பே மிகச் சிறிய மின்னோட்டத்தில் ஒளிர்வது. 1 மில்லியாம்பியர் பாய்ந்தாலே கண்ணுக்குத் தெரியும். கடையில் விற்கும் 12 வோல்ட் எல்இடிக்குள் ஒரு தடையியும் சேர்ந்திருக்கும். அது 470 ஓம் என்று கொள்க. சிவப்பு அல்லது மஞ்சள் எல்இடி தானே 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். எஞ்சிய 10 வோல்ட், 1000 ஓம் தெர்மிஸ்டரையும் 470 ஓம் தடையியையும் கடக்க வேண்டும். பாயும் மின்னோட்டம் ஏறத்தாழ 7 மில்லியாம்பியர். இழைக் குமிழை அசைக்கவும் போதாத இம்மின்னோட்டம் எல்இடியை நன்றாக எரித்துவிடுகின்றது. நிறைந்த தொட்டியோடு விளக்கு எரிவதன் காரணம் இதுதான்.

இரண்டாவது கேடு இதனினும் பெரியது. தெர்மிஸ்டரில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருபடியைப் பொறுத்தது. குமிழ் இருந்தபோது 12 மில்லியாம்பியரில் ஏறத்தாழ 0.14 வாட் வெப்பம் பிறந்தது. எல்இடி வந்தபின் 7 மில்லியாம்பியரில் பிறப்பது 0.05 வாட் அளவே. மூன்றில் ஒரு பங்கு. பெட்ரோல் வற்றி மணி வெளிப்பட்டாலும் அதனைச் சூடாக்கப் போதிய மின்னோட்டம் இல்லை. முற்கூறிய சங்கிலி தொடங்குவதே இல்லை. விளக்கு எரிந்தபடியே இருக்கின்றது. ஆனால் எதையும் உணர்த்தவில்லை. எப்போதும் எரியும் எச்சரிக்கை விளக்குக்கும் இல்லாத விளக்குக்கும் வேறுபாடு இல்லை. சொல்லப்போனால் இல்லாததே மேல், அதனை நம்பி ஒருவரும் ஏமாறமாட்டார் ஆதலால்.

செய்யவேண்டிய மாற்றம்

நோய் தெரிந்தபின் மருந்து எளியது. குமிழ் காட்டிய ஒளியை எல்இடி காட்டட்டும். குமிழ் சுமந்த மின்னோட்டத்தை வேறொரு தடையி சுமக்கட்டும். எல்இடியின் இரு முனைகளுக்கும் குறுக்கே, பக்க இணைப்பாக, குமிழின் எரிநிலைத் தடைக்கு ஈடான தடையி ஒன்றை வைத்தல் வேண்டும். அவ்வளவைக் கணிக்க, மின்னழுத்தத்தின் இருபடியை வாட் எண்ணால் வகுக்க. 12 வோல்ட், 1.7 வாட் குமிழுக்கு 144ஐ 1.7ஆல் வகுத்தால் 85 ஓம் வரும். கடைகளில் 82 ஓம் என்னும் அளவில் கிடைக்கும். குமிழ் 3.4 வாட் ஆயின் 42 ஓம். குமிழின் அடியிலேயே வாட் எண் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும்.

இப்போது அதே கணக்கை மீண்டும் போட்டுப் பார்க்கலாம். தொட்டி நிறைந்த நிலையில் 11 மில்லியாம்பியர் பாய்ந்து, 82 ஓம் தடையியின் மேல் 0.9 வோல்ட் விழுகின்றது. எல்இடி ஒளிர்வதற்கு 2 வோல்ட் அளவு வேண்டும். ஆகவே அஃது அணைந்தே இருக்கும். தெர்மிஸ்டர் சூடேறி 60 ஓமுக்கு வந்தால் தடையியின் மேல் ஏறத்தாழ 7 வோல்ட் விழும். எல்இடியின் வழியே 10 மில்லியாம்பியர் பாயும். வெயிலிலும் தெரியும் ஒளி கிடைக்கும்.

ஏட்டில் இவ்வளவும் சரி. வெப்ப நாட்டுச் சாலையில் இன்னொரு காரணி குறுக்கிடுகின்றது. தெர்மிஸ்டர் பெட்ரோலின் மட்டத்தை மட்டும் உணர்வதன்று. பெட்ரோலின் வெப்பத்தையும் உணர்வது. வெயிலில் நிறுத்திய வண்டியின் தொட்டியில் பெட்ரோல் 40 பாகை செல்சியசு வரை சூடேறினால், 25 பாகையில் 1000 ஓம் இருந்த தடை 600 ஓமுக்கு அண்மையில் வந்துவிடும். இயந்திரம் ஓடும்போது பேட்டரியின் மின்னழுத்தமும் 14 வோல்ட் வரை உயர்கின்றது. அந்நிலையில் 82 ஓம் தடையியின் மேல் விழுவது 1.7 வோல்ட். சிவப்பு எல்இடி மங்கலாக மினுக்கத் தொடங்கும் எல்லை அதுவே. நிறைந்த தொட்டியோடு இரவில் மெல்லிய ஒளி தெரிந்து, ‘இன்னும் சரியாகவில்லை’ என்று ஓட்டுபவர் மனங்கலங்குவர். இதனைத் தவிர்க்க எளிய வழி, வெள்ளை எல்இடியைக் கொள்வது. அஃது ஒளிர 3 வோல்ட் அளவு வேண்டியிருப்பதால் 1.7 வோல்ட்டுக்கு அசையாது. முகப்பிலுள்ள மூடி மஞ்சளாக இருப்பின், வெள்ளை ஒளியும் வெளியே மஞ்சளாகவே தோன்றும். பழைய இழைக் குமிழுக்கு இத்தொல்லை இருந்ததில்லை என்பதும் கருதத்தக்கது. குளிர்ந்த இழையின் தடை மிகச் சிறிதாதலால் அதன்மேல் விழும் மின்னழுத்தமும் மிகச் சிறிதே.

தடையி வாங்கும்போது ஓம் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. உணரிக் கம்பியின் மேலுறை தேய்ந்து, எங்கேனும் வண்டியின் உடலைத் தொட்டுவிட்டால், முழு 14 வோல்ட்டும் தடையியின் மேல் விழும், 2.4 வாட் வெப்பம் பிறக்கும். கால் வாட், அரை வாட் தடையிகள் கருகிவிடும். 5 வாட் அளவுள்ளதே தகும். அதனை முகப்பின் நெகிழிக் கூட்டுக்குள் திணிக்காமல், காற்றோட்டமுள்ள உலோகப் பகுதியருகே கட்டுதல் நன்று. எல்இடிக்கு நேர்முனை, எதிர்முனை வேறுபாடு உண்டு என்பதையும் மறத்தலாகாது. குமிழ் எப்புறம் வைத்தாலும் எரிந்தது. எல்இடி ஒருபுறமே எரியும். பொருத்தியவுடன் எரியவில்லையெனில் திருப்பி வைத்துப் பார்ப்பதே முதல் வேலை.

செய்யத்தகாதன

பெட்ரோல் தொட்டிக்குள் மின்சாரம் பாயும் பொருளை வைத்தும் தீப்பற்றுவதில்லை, ஏன்? பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 விழுக்காடு முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால்தான் பற்றும். தொட்டிக்குள் ஆவி பெரும்பாலும் அதைவிடச் செறிவாக இருக்கும். ஆனால் அதனை மட்டும் நம்பி எந்தப் பொறியியலாரும் வண்டி செய்வதில்லை. உண்மையான காப்பு, தெர்மிஸ்டருக்குக் கிடைக்கும் மின்திறனைக் குமிழ் கட்டுப்படுத்துவதேயாகும். 85 ஓம் குமிழ் வரிசையில் இருக்கும்வரை, 12 வோல்ட் பேட்டரியினால் தெர்மிஸ்டருக்கு அரை வாட்டுக்கு மேல் வழங்கவே இயலாது. குமிழை நீக்கிவிட்டு உணரியை நேராகப் பேட்டரியோடு சேர்த்தால் அவ்வரம்பு போய்விடும். தடை குறைய மின்னோட்டம் மிகும், மின்னோட்டம் மிகத் தடை மேலும் குறையும், நிறுத்துவார் இல்லை. மணி வெடித்துச் சிதறவும் கூடும். பெட்ரோல் ஆவிக்கு நடுவே அவ்வாறு நேர்வது எத்தகைய விபத்தாக முடியும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

ஆகையால், உணரி வேலை செய்கின்றதா என்று பார்க்க அதனைப் பேட்டரியில் நேராகத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் அடியோடு விலக்கத்தக்கது. பக்க இணைப்புத் தடையியின் அளவைக் குமிழின் எரிநிலைத் தடைக்கு மிகவும் கீழே இறக்குவதும் அதே காரணத்தால் தவறு. ‘இன்னும் சற்றுப் பிரகாசமாக எரியட்டும்’ என்று 10 ஓம் தடையி வைப்பவர், விளக்கைப் பிரகாசமாக்குவதில்லை, மணியைத்தான் சூடாக்குகின்றார்.

விளக்கு எரியும் மட்டத்தையே மாற்ற விரும்புவோரும் உண்டு. இன்னும் 4 லிட்டர் இருக்கும்போதே எரிகின்றது, 2 லிட்டர் இருக்கும்போது எரிந்தால் போதும் என்பர். தெர்மிஸ்டர் வகையில் அம்மட்டத்தை முடிவு செய்வது மின்சுற்று அன்று. மணி தொட்டிக்குள் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றது என்பதே. கூடுதல் தடையி சேர்ப்பதால் விளக்கு மங்கலாகும், அல்லது எரிய மறுக்கும், மட்டம் மாறாது. மட்டத்தை மாற்ற உணரியின் தண்டையே உயர்த்தவோ தாழ்த்தவோ வேண்டும். அது தொட்டியைக் கழற்றிச் செய்யும் வேலை. பெட்ரோலை முழுதும் வடித்து, நெருப்பும் தீப்பொறியும் அண்டாத வெளியிடத்தில் தேர்ந்த பட்டறைக்காரர் செய்யவேண்டுவது. மிதவைக் கை உள்ள வண்டிகளிலோ, தடையி சேர்ப்பதும் கையைச் சிறிது வளைப்பதும் மட்டத்தை மாற்றும். இவ்விரு வகையையும் வேறுபடுத்தி அறியாமல், ஒரு வண்டிக்குச் செய்ததை மற்றொரு வண்டிக்கும் செய்வதால் வரும் தொல்லைகள் பல.

புதிய வண்டிகள் பலவற்றில் உணரியின் செய்தி முதலில் ஒரு சிறு கணினிக்குச் செல்கின்றது. அதுவே விளக்கை எரிப்பதா வேண்டாவா என்று முடிவு செய்கின்றது. முகப்பு விளக்குகளும் அங்கே முன்னரே எல்இடிகளாக உள்ளன. அவற்றுக்கு இங்குக் கூறிய மாற்றம் எதுவும் பொருந்தாது. வண்டியின் மின்சுற்றுப் படத்தில் குமிழும் உணரியும் ஒரே கம்பியில் நேராக இணைந்திருந்தால் மட்டுமே இது பொருந்தும். படத்தைப் பாராமல் கத்தரியை எடுக்கலாகாது.

எளிய சுற்றுக்குரிய ஒரு குறைபாட்டையும் சொல்லுதல் வேண்டும். உணரிக் கம்பி அறுந்தாலும், குமிழ் அறுந்தாலும் விளக்கு எரியாது. தொட்டி நிறைந்திருந்தாலும் எரியாது. இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே. ஓட்டுபவர் அதனை நல்ல செய்தியாகவே கொள்வார். இதற்காகத்தான் சில வண்டிகளில் சாவியைத் திருப்பியவுடன் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஓரிரு நொடி எரிந்து அணையுமாறு வைத்துள்ளனர். அவ்வசதி உள்ள வண்டியில் எல்இடி மாற்றிய பின்னும் அந்த ஓரிரு நொடி ஒளி வருகின்றதா என்று நோக்குக. வரினும் அது விளக்கு நலமாக உள்ளது என்பதற்கே சான்று. உணரி நலமாக உள்ளது என்பதற்குச் சான்றன்று.

தொட்டியிலிருந்து கழற்றாமலே உணரியைச் சோதிக்க ஓட்டிப் பார்ப்பது நம்பத்தக்க வழி. மாற்றம் முடிந்தபின், எண்ணெய் நிலையங்கள் அடுத்தடுத்து உள்ள நகர்ப்பகுதியிலேயே சில நாள் ஓட்டி, விளக்கு முதன்முதலில் நிலையாக எரியும் கணத்தில் கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள நிலையத்துக்குச் சென்று நிரப்புதல் வேண்டும். 14 லிட்டர் தொட்டியில் 11 லிட்டர் பிடித்தால், விளக்கு எரியும்போது எஞ்சியிருந்தது 3 லிட்டர் என்று தெரியும். பக்கத் தாங்கியில் சாய்த்து நிறுத்தி நிரப்பினால் கணக்கு பிசகும். வண்டி நேராக நிற்க வேண்டும். அம்மூன்று லிட்டரிலும் பம்பின் வாய்க்கு எட்டாமல் அடியில் தங்குவது சிறிது உண்டு. அரை லிட்டரையாவது அதற்காகத் தள்ளிவிடுதல் தகும். லிட்டருக்கு 25 கிலோமீட்டர் ஓடும் வண்டியாயின் எஞ்சிய 2.5 லிட்டருக்கு 62 கிலோமீட்டர். சுமையேற்றி, மலைப்பாதையில், எதிர்க்காற்றில் செல்லும்போது அது 45 ஆகக் குறையவும் கூடும். இரண்டு மூன்று முறை இவ்வாறு அளந்து, கிடைத்தவற்றுள் மிகச் சிறிய எண்ணைத் தாள் துண்டொன்றில் எழுதி இருக்கையின் அடியில் ஒட்டிவைப்பவர்கள் உண்டு. வண்டியை இரவல் வாங்குபவருக்கும் அது பயன்படும்.